அரக்கு

என் முனைவர் பட்ட ஆய்வேட்டை மூன்று இடங்களில் தட்டச்சு செய்தேன். மாலை ஐந்து மணிக்குமேல் துறை அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை பிரவுசிங் சென்டரில், இரவில் கணவர் தூங்கிய பிறகு அவருடைய கணினியில். எதுவும் என்னுடையதில்லை. எனக்கென்று ஒரு கணினி வாங்க 46 வயதாகிவிட்டது. பாகங்களாக வாங்கி நாமே பூட்டலாம் என்றாள், பொறியியல் படிக்கும் அக்கா மகள்.

ரிச்சி தெருக் கடையொன்றில், "பையனுக்கா மேடம்?" என்றார்கள். "எனக்கு" என்றேன். "சார் வரலையா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அங்கே கேபினெட் கறுப்பிலும் வெள்ளையிலும்தான் இருந்தது.

"கறுப்பையே வாங்கு சித்தி, நாம பெயிண்ட் அடிச்சுக்கலாம்" என்றாள் அவள். வீட்டுக்கு வந்ததும் எதில் அடிக்கலாம், எதில் கூடாது என்று பாடம் நடத்தினாள். கேபினெட்டின் தகடுகளில் அடிக்கலாம். மின்விசிறியின் சட்டத்தில் அடிக்கலாம். இறக்கையில் கூடாது, எடை ஏறுமாறானால் அதிரும். மதர்போர்டையும் இணைப்பு முனைகளையும் தொடக் கூடாது. ஹீட் சிங்கின் தகடுகளில் அடித்தால் சூடு வெளியேறத் தடையாகலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவே கூடாது; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

"என்ன கலர் சித்தி?"

எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. திரும்பி, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். கேட்டது விளையாட்டுக்குத்தான்.

"அரக்கு" என்றாள் அம்மா. யோசிக்கவே இல்லை.

அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 38 வயது, எனக்கு 15. அன்றிலிருந்து 31 ஆண்டுகள் அவள் உடுத்தியதெல்லாம் சாம்பல், வெளிர்நீலம், சந்தனம். முதல் சில ஆண்டுகள் அத்தைகள் எடுத்துத் தந்தார்கள். நான் வேலைக்குப் போனபின் எடுத்துத் தந்தவள் நான். வகுப்பில் கைம்மை நோன்பைப் பற்றிக் கோபமாகப் பாடம் நடத்துகிறேன். கவிதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி கடையில் நின்று, "வயசானவங்களுக்கு, டல் கலரா காட்டுங்க" என்று கேட்டவளும் நானே. உனக்கு என்ன நிறம் வேண்டும் என்று அவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மழை விட்டு, நன்றாக வெயிலடித்த நாளாகப் பார்த்து மொட்டை மாடிக்குப் போனோம். காற்றில் ஈரம் இருந்தால் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடுமாம். தகடுகளைக் கழற்றி, 400 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்தோம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்தோம். திருகு துளைகளையும் மதர்போர்டு உட்காரும் இடங்களையும் டேப் ஒட்டி மறைத்தோம். அங்கே உலோகத்தோடு உலோகம் தொட வேண்டும். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது என்பதால், வடிகட்டி வைத்த மாஸ்க்கை மூன்று பேரும் மாட்டிக்கொண்டோம். பக்கத்தில் தீ கூடாதென்று சொன்னதும், வற்றலுக்குக் காவலாக வைத்திருந்த ஊதுவத்தியை அம்மாவே அணைத்துவிட்டு வந்தாள்.

முதலில் பிரைமர். பிறகு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் இடையே கால் மணி நேரம். ஒரே தடவையில் அப்பினால் வழிந்துவிடும். கடைசிப் பூச்சை அம்மா அடித்தாள். கோலமாவு விட்டுப் பழகிய கை, என்னுடையதைவிடச் சீராகப் போனது.

கையுறையைக் கழற்றும்போது ஆள்காட்டி விரல் நகத்தில் பெயிண்ட் பட்டுவிட்டது. "தின்னர் போட்டா போயிடும் ஆச்சி" என்றாள் பேத்தி. "இருக்கட்டும்" என்றாள் அம்மா.

தகடுகளை இரண்டு நாள் காயவிட்டுப் பூட்டினோம். இதை அந்தக் கணினியில்தான் எழுதுகிறேன்.

இந்தத் தீபாவளிக்கு அம்மாவையும் புடவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். அரக்குப் புடவை ஒன்றை எடுத்து மடியில் வைத்து, நெடுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. கடைசியில் அவள் எடுத்தது சாம்பல் நிறம்தான். கரை மட்டும் அரக்கு.