உப்பளத்துக்கு எந்த ஷூ பாஸ்?

சென்னையிலேருந்து புதுச்சேரிக்கு ஈ.சி.ஆர்.ல சைக்கிள் மிதிக்கிற கோஷ்டியா நீங்க? அப்ப மரக்காணத்துல பிரேக் பிடிக்காம தாண்டியிருக்கவே மாட்டீங்க. பாத்தி பாத்தியா தண்ணி, வரப்பு ஓரமா வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல், தூரத்துல கொக்கு கூட்டம்... யாருக்குத்தான் இறங்கத் தோணாது? அங்கேதான் உங்க ஷூவுக்கு நிஜமான பரீட்சை!

'கிளிப்லெஸ் பெடல் போடு மச்சி, கால் வழுக்காது'ன்னு ஃப்ரெண்ட் உசுப்பேத்தியிருப்பான். ஷூவுக்கு அடியில இருக்குற 'கிளீட்'ங்கிற துண்டை பெடல் 'டக்'குனு கவ்விக்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினா விட்டுடும். கவ்வுறதுக்கு ஏன் 'கிளிப்லெஸ்'னு பேர்? அந்தக் காலத்து பெடல்ல விரலை நுழைக்க ஒரு கூண்டு இருக்கும், அதுதான் கிளிப். அது இல்லாததால இந்தப் பேர். பிரான்ஸோட லுக் கம்பெனி 1984-ல இதைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பெர்னார்ட் ஹினால்ட் இதை மாட்டிக்கிட்டு டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஷூ ரெண்டு ஜாதி. மூணு போல்ட் ஷூ ரேஸ்காரங்களுக்கு. கிளீட் வெளியில துருத்திக்கிட்டு நிக்கும். அதைப் போட்டுக்கிட்டு காலேஜ் படிக்கட்டு ஏறினா வாத்து நடைதான்! ரெண்டு போல்ட் ஷூவுல கிளீட் ரப்பர் அடிப்பாகத்துக்குள்ள பதுங்கியிருக்கும். ஷிமானோ 1990-ல கொண்டுவந்த எஸ்.பி.டி. சிஸ்டம் இதுதான். தினமும் காலேஜ், ஞாயித்துக்கிழமை மரக்காணம்னு ரெண்டுக்கும் ஒரே ஜோடி போதும். பர்ஸும் தப்பிக்கும்.

கடைக்குப் போறீங்களா? சாயங்காலமா போங்க, கால் அப்பத்தான் கொஞ்சம் வீங்கியிருக்கும். கட்டைவிரல் முட்டக் கூடாது, குதிகால் தூக்கக் கூடாது. காத்து போற வலைத்துணி மேல்பாகம் நம்ம வெயிலுக்கு பெஸ்ட். கார்பன் அடிப்பாகமெல்லாம் வேண்டாம், நைலானே தாராளம். ஒரு பக்கம் கிளீட், மறுபக்கம் சாதாவா இருக்குற பெடல் வாங்கினா, செருப்போட டீக்கடைக்கும் போய்ட்டு வரலாம். புது பெடல் டப்பாவுக்குள்ளயே பெரும்பாலும் கிளீட்டும் இருக்கும், தனியா காசு அழாதீங்க. பிடிமான ஸ்க்ரூவை முதல்ல லூஸா வெச்சு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு அம்பது தடவை மாட்டிக் கழட்டிப் பழகிட்டு அப்புறம் ரோட்டுக்கு வாங்க.

மரக்காணத்துக்குன்னு ஸ்பெஷல் எச்சரிக்கை ஒண்ணு. உப்புக் காத்துல கிளீட், போல்ட், பெடல் ஸ்பிரிங் எல்லாமே துருப்பிடிக்கும். போல்ட்டுக்கு கிரீஸ் தடவி மாட்டுங்க. இல்லேன்னா இறுகிப்போய் கழட்டவே வராது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, நிழல்ல காய வைங்க.

இன்னொரு விஷயம், இது உங்க ஷூவைவிட முக்கியம். மழை முடிஞ்சதும் உப்பளத் தொழிலாளர்கள் பாத்தியில தேங்கின சேறை வாரி, தரையைக் காலாலேயே மிதிச்சு மிதிச்சு இறுக்குறாங்க. அந்தத் தரை சமமா, கெட்டியா இருந்தாத்தான் உப்பு சுத்தமா விளையும். அதுக்கப்புறம்தான் கடல் தண்ணி பாய்ச்சி, வெயில்ல காயவிட்டு, பலகையால உப்பை வாருவாங்க. செல்ஃபிக்காக நீங்க கிளீட் ஷூவோட உள்ளே இறங்கினா, அவங்க கால் நோக மிதிச்ச தரை பொத்தல் பொத்தலாயிடும். உப்புல சேறு கலந்தா விலையும் போச்சு. அதனால கேட்டுட்டு, வரப்போட நின்னு பாருங்க. கரகரக்குற உப்புத் தண்ணியில விடியறதுக்கு முன்னாடியே நிக்கிற அந்தக் கால்கள் வெடிச்சுப் போயிருக்குறதையும் ஒரு நிமிஷம் பாருங்க.

ஷூவுக்கு பட்ஜெட் இல்லையா? நோ டென்ஷன்! சாதா பெடலும் பழைய கேன்வாஸ் ஷூவும் போதும். வழி அதேதான், காத்தும் அதேதான். மிதிங்க பாஸ்!