நிலைநிறமும் வருநிறமும்

நிலைமொழியும் வருமொழியும் கூடுங்கால் நிகழ்வனவற்றைப் பயிலும் மாணாக்கனாகிய எனக்கு, கணினித் திரையில் இரு நிறங்கள் கூடும் முறை அயலாகத் தோன்றவில்லை. உலாவியிலுள்ள கான்வாஸ் என்னும் வரைபரப்பில் முன்னரே நிற்பதனை நிலைநிறம் என்றும், அதன்மேல் வந்து படிவதனை வருநிறம் என்றும் கொள்வேன். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றெண்களோடு ஆல்பா என்னும் நான்காம் எண்ணையும் உடையது. ஆல்பாவாவது, வருநிறம் தன் கீழுள்ளதை எத்துணை மறைக்கும் என்பதன் அளவு.

இக்கூட்டத்தின் விதிகளை 1984-ஆம் ஆண்டில் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர் பன்னிரண்டாக வகுத்தனர். அவற்றுள் பெருவழக்கானது, வருநிறத்தை ஆல்பாவாற் பெருக்கி, நிலைநிறத்தை எஞ்சிய பங்காற் பெருக்கி, இரண்டனையும் கூட்டுவது. வெண்மையின்மேல் முழுச்சிவப்பை அரைப்பங்கு படியவிடின் 255, 128, 128 என்னும் இளஞ்சிவப்புப் பிறக்கும். ஆயின் சிவப்பையும் பச்சையையும் சரிபாதி கலப்பின் மஞ்சள் வாராது, சேற்றுநிறமே வரும். திரையெண்கள் ஒளியின் அளவோடு நேர்விகிதத்தில் நில்லாமையே இதற்குக் காரணம். எண்களை ஒளியளவாக மாற்றிக் கலந்து, மீட்டும் எண்ணாக்கின், 128 நின்ற இடத்தில் 188 நிற்கும், மஞ்சளும் தெளியும். கான்வாஸ் இதனைத் தானே செய்து தாராது. எழுதுவோன்தான் செய்துகொள்ளல் வேண்டும்.

பிற்காலத்தார் சேர்த்த விதிகளுள் பெருக்கல் என்பதொன்று. இரு நிறங்களின் எண்களையும் பெருக்கி 255-ஆல் வகுப்பது அது. என் பாட்டனார் மணமான புதிதில் பாட்டிக்கு எழுதிய கடிதமொன்று மை வெளிறிக் கிடந்தது. பாட்டியின் கண்ணுக்குத் தாளும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. கண்ணும் நாளுக்கு நாள் மங்கி வருகின்றது. அதனைப் படமெடுத்துப் பார்க்கையில் தாளின் எண் ஏறத்தாழ 230, மையின் எண் 180, வேறுபாடு 50. அப்படத்தையே அதன்மேற் பெருக்கற் படிவாக வைத்தேன். தாள் 207, மை 127 ஆயின. மற்றொருகால் வைக்க 187-உம் 90-உம்; வேறுபாடு 97. எழுத்துக்கள் ஒவ்வொன்றாய் எழுந்து நின்றன.

மையோடு கறையும் கருத்தது. எது கறை, எது மை எனப் பிரித்தறியும் ஆற்றல் அவ்விதிக்கு இல்லை. ஈற்றயல் வரி முழுதும் கறையுள் அமிழ்ந்துபோயிற்று. பாட்டி நெல்விலையையும் மழையையும் பற்றிய வரிகளை விரல் வைத்து உரக்கப் படித்தார். கறையருகே வந்ததும் சற்றே நின்று, நகைத்து, அடுத்த வரிக்குச் சென்றார். அவ்விடத்து யாதிருந்தது என வினவினேன்.

“அது உனக்கு எழுதினதில்லடா” என்றார்.