சென்று கண்டவர்

பசித்த குழந்தை அழுது தன் பசியைத் தெரிவிக்கிறது. கூலி குறைந்தால் தொழிலாளர் ஒன்றுகூடி முறையிடுகின்றனர். வரி மிகுந்தால் குடிமக்கள் மன்றம் ஏறி வழக்குரைக்கின்றனர். ஆனால், தன் துன்பத்தைத் தானே எடுத்துரைக்க இயலாதவர் என்ன செய்வார்? எடுத்துரைத்தாலும், “இவர் சொல்லை யார் நம்புவார்?” என்று ஒதுக்கப்படுபவர் யாரிடம் சென்று முறையிடுவார்? மனநோயுற்றவர், அறிவு வளர்ச்சி குன்றியவர், மூப்பினால் நினைவு தளர்ந்தவர் ஆகிய இவர்கள் பிறர் காவலில் வாழ்பவர்கள். காவலே கொடுமையாக மாறினால் அதை வெளியுலகிற்குக் கூற அவர்களுக்கு வாய் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், அவர்கள் அடைபட்டுக் கிடந்த இடங்களைத் தேடி ஊர் ஊராகச் சென்றார் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவர் பெயர் டொராதியா டிக்ஸ்.

டிக்ஸ் 1802ஆம் ஆண்டில் மேய்ன் பகுதியிலுள்ள ஹாம்ப்டன் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, பாஸ்டன் நகரில் பள்ளி நடத்தினார். சிறுவர்க்கென நூல்களும் எழுதினார். ஓயாத உழைப்பினால் உடல் நலிந்தது. 1836இல் இங்கிலாந்து சென்று, லிவர்ப்பூல் நகரத்து ராத்போன் குடும்பத்தாரின் இல்லத்தில் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கினார். சமுதாயச் சீர்திருத்தத்தில் நாட்டமுடையோர் பலர் வந்து பழகிய இல்லம் அது. அவர் தாயகம் திரும்பியபோது, பாட்டியார் விட்டுச் சென்ற பொருள் ஓரளவு கைவந்தது. எஞ்சிய நாளை ஓய்வாகக் கழித்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

1841ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டனை அடுத்த கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறையிலிருந்த பெண்களுக்குச் சமயப் பாடம் சொல்ல அவர் சென்றார். பாடம் முடிந்தது. வந்த வழியே திரும்பாமல் அவர் சிறையின் பிற அறைகளையும் பார்த்தார். அங்கே குற்றம் ஏதும் செய்யாத பெண்கள் சிலர், மனநோய் ஒன்றையே காரணமாகக் கொண்டு அடைக்கப்பட்டிருந்தனர். குளிர் வாட்டியது, கணப்பு இல்லை. ஏன் இல்லை என்று அவர் வினவினார். பித்துப் பிடித்தவர்களுக்குக் குளிர் தெரியாது என்பதே கிடைத்த விடை. கணப்பருகே அமர்ந்திருப்பவருக்கு இவ்வாறு சொல்வது எளிதுதான். டிக்ஸ் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. நேரே நீதிமன்றத்தில் முறையிட்டார். அறைக்குக் கணப்பு வந்தது.

ஒரு சிறையில் இந்நிலை என்றால் மற்ற இடங்களில் எந்நிலையோ என்ற ஐயம் அவர் உள்ளத்தைக் குடைந்தது. கையில் குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் மாசச்சூசெட்ஸ் மாநிலம் முழுவதும் சுற்றி, சிறைச்சாலைகளையும் ஏழையர் விடுதிகளையும் ஒவ்வொன்றாகக் கண்டார்.

அக்காலத்து ஏற்பாட்டை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். மனநோயாளர்க்கென வூஸ்டர் நகரில் அரசு மருத்துவமனை ஒன்று 1833 முதல் இருந்தது. ஆயினும் அதில் இடம் போதவில்லை. வசதியற்ற நோயாளரைப் பேணும் கடமை அந்தந்த ஊரினுடையது. சில ஊர்கள் அக்கடமையை ஏலத்தில் விட்டன. பொருளை ஏலம் விட்டால் மிகுதியாகக் கேட்பவர்க்குக் கொடுப்பது வழக்கம். இந்த ஏலத்திலோ, மிகக் குறைந்த தொகைக்குச் சோறிட முன்வருபவரிடம் மனிதர் ஒப்படைக்கப்பட்டார். குறைந்த தொகைக்கு ஏற்றவர் அதிலும் மிச்சம் பிடிக்க முயன்றால் குறைவது எதுவாக இருக்கும்? சோறு குறையும், துணி குறையும், விறகு குறையும். காவலுக்கு ஆள் வைப்பதைவிடச் சங்கிலி மலிவானது. கொடுமையின் வேர் கல்நெஞ்சில் மட்டும் இருக்கவில்லை, ஊரின் கணக்கேட்டிலும் இருந்தது.

டிக்ஸ் கண்டவற்றை அழகுபடுத்தி எழுதவில்லை. இன்ன ஊர், இத்தனை பேர், இன்ன நிலை என்று குறித்தார். கிராட்டன் என்னும் ஊரில் ஏழையர் விடுதிக்குச் சற்றுத் தொலைவில், சாலையோரமாக, பலகையால் ஆன ஒற்றை அறை ஒன்றைக் கண்டார். சன்னல் என்று சொல்ல ஒரு சிறு திறப்பு. அதற்கும் பலகைக் கதவு. தட்டுமுட்டுப் பொருள் என்பது ஒரு கட்டு வைக்கோல். அதனுள்ளே இருந்தவர் ஓர் இளைஞர். தீராத மனநோய் என்று முடிவு கட்டப்பட்டவர். அவர் கழுத்தில் இரும்பு வளையம். வளையத்தில் கனத்த சங்கிலி. சங்கிலியின் நீளம் எவ்வளவோ அவ்வளவே அவருடைய உலகம். சாலையில் நாள்தோறும் வண்டிகள் போயின, மக்களும் நடந்தனர். அறை அங்கேயே இருந்தது.

இத்தகைய குறிப்புகளைத் தொகுத்து, 1843ஆம் ஆண்டு சனவரியில் மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்திற்கு ஒரு விண்ணப்பமாக அவர் அளித்தார். அந்நாளில் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அவையில் எழுந்து பேசவும் வழி இல்லை. பார்வையற்றோர் கல்விக்குப் பாடுபட்ட டாக்டர் சாமுவேல் கிரிட்லி ஹவ் அப்போது அவையில் உறுப்பினராக இருந்தமையால், அவர் வாயிலாக அது முன்வைக்கப்பட்டது. கூண்டுகளிலும் நிலவறைகளிலும் கொட்டில்களிலும் மனிதர் அடைக்கப்பட்டிருப்பதை அவ்விண்ணப்பம் ஊர்ப்பெயருடன் உரைத்தது. பெயர் வெளிப்பட்ட ஊர்களிலிருந்து சினம் கிளம்பியது. “பொய், மிகைப்படுத்தல்” என்ற மறுப்புகள் வந்தன. ஆனால், குற்றச்சாட்டுகள் பொதுவாகக் கூறப்பட்டிருந்தால் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஊரும் இடமும் குறிக்கப்பட்டிருந்ததால், ஐயுற்றவர் நேரில் சென்று பார்க்க முடிந்தது. வூஸ்டர் மருத்துவமனையை விரிவாக்க அவ்வாண்டே பொருள் ஒதுக்கப்பட்டது.

அவ்விண்ணப்பத்தில் போற்றத்தக்க கருத்து மற்றொன்று உண்டு. காவலர்கள் பெரும்பாலும் மனமறிந்து கொடுமை செய்தவர் அல்லர், பேணும் முறை அறியாமையாலும் சிந்தியாமையாலும் தவறியவர்களே என்று டிக்ஸ் எழுதினார். குற்றம் சாட்டுபவர் இவ்வளவு நடுநிலை காப்பது அரிது. எனினும் இதில் அவர் சற்று இரக்கம் மிகுந்துவிட்டாரோ என்று எண்ணவும் இடமுண்டு. ரோடு தீவு மாநிலத்தில் அவர் கண்டதே அதற்குச் சான்று.

அங்கே லிட்டில் காம்ப்டன் என்னும் ஊரில், கல்லால் கட்டிய சிற்றறை ஒன்றில் ஒரு மனிதர் சங்கிலியால் பிணிக்கப்பட்டுக் கிடந்தார். உட்சுவரில் பனி உறைந்திருந்தது. அறைக்கு இரட்டைச் சுவர், இரட்டைக் கதவு. குளிரைத் தடுக்கவா? அன்று. அவருடைய அலறல் வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்ததனால் அவ்வாறு கட்டப்பட்டதாம். இச்செய்தியை டிக்ஸ் 1844இல் அம்மாநில நாளிதழில் வெளியிட்டார். பின்னர்ச் செல்வர் ஒருவரை நேரில் கண்டு, இதே செய்தியைச் சொல்லி உதவி கேட்டார். கையிறுக்கத்திற்குப் பெயர்போன அவர், மருத்துவமனைக்கென 40,000 டாலர் அளித்தார்.

அதன் பின்னர் அவர் பயணம் மாநிலம் மாநிலமாக நீண்டது. மூன்றாண்டுகளில் பதினாயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து, 18 மாநிலச் சிறைகளையும், 300 வட்டாரச் சிறைகளையும், 500க்கு மேற்பட்ட ஏழையர் விடுதிகளையும் கண்டதாக ஒரு கடிதத்தில் அவர் குறித்துள்ளார். தென்பகுதியின் சேற்றுச் சாலைகளில் வண்டி அடிக்கடி உடைந்து நின்றது. ஆகவே சுத்தியல், ஆணி, திருகாணி, கயிறு, தோல்வார் ஆகியவற்றை அவர் தம்முடனேயே கொண்டு சென்றார். நுரையீரல் நலிந்து, அடிக்கடி காய்ச்சலுற்ற உடல் அவருடையது!

நியூஜெர்சி மாநிலத்தில் ஏழையர் விடுதி ஒன்றின் நிலவறையில் முதியவர் ஒருவரைக் கண்டார். அவர் ஒரு காலத்தில் நீதிபதியாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். செல்வம் போயிற்று, அறிவும் தளர்ந்தது, நிலவறை எஞ்சியது. பிறருக்குத் தீர்ப்பு வழங்கியவரின் நிலையே இதுவானால், மற்றவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? 1845இல் அம்மாநிலச் சட்டமன்றம் மருத்துவமனை அமைக்க இசைந்தது. டிரெண்டன் நகரில் 1848இல் திறக்கப்பட்ட அம்மனையைத் தம் தலைமகவு என்றே டிக்ஸ் கூறிவந்தார்.

தோல்வியும் அவருக்கு நேர்ந்தது. மனநோயாளர் நலனுக்காகவும் பிறர் நலனுக்காகவும் 1,22,25,000 ஏக்கர் அரசு நிலத்தை ஒதுக்கும் சட்டம் பல்லாண்டு முயற்சிக்குப்பின் இரு அவைகளிலும் நிறைவேறியது. 1854இல் குடியரசுத் தலைவர் பிராங்கிளின் பியர்ஸ், அது மாநிலங்களின் கடமையேயன்றி நடுவண் அரசின் கடமையன்று எனக் கூறி அதை மறுத்துவிட்டார். மனமுடைந்த டிக்ஸ் ஐரோப்பா சென்றார். ஆனால் அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதிகளைக் கண்டு, உள்துறை அமைச்சரிடம் முறையிட விரைந்தார். எடின்பரோவின் நகரத் தலைவர் தாமே முந்திச்சென்று அதைத் தடுக்க எண்ணிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, டிக்ஸ் இரவு வண்டியில் ஏறி இலண்டன் சேர்ந்துவிட்டார் என்பர். அரசு விசாரணைக் குழு அமைந்தது. 1857இல் சட்டம் பிறந்தது. அச்சட்டம் விடுதிகளைச் சென்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஆணையாளர்களை ஏற்படுத்தியது. டிக்ஸ் தனியொருவராய்ச் செய்த பணி அங்கே அரசின் பணியாயிற்று.

உள்நாட்டுப் போரில், 1861 முதல், செவிலியரின் தலைவியாக அவர் பணிபுரிந்தார். அப்பணி புகழினும் பூசலையே மிகுதியாகத் தந்தது. அதற்கிடையே அவர் உருவாக்கிய மருத்துவமனைகளில் கூட்டம் பெருகியது. கட்டியபோது கருதிய அளவுக்கு மேல் நோயாளர் நிறைந்தனர், பார்ப்பவரோ குறைந்தனர். 1881இல் டிரெண்டன் மருத்துவமனையிலேயே ஓர் இடம் பெற்றுத் தங்கிய டிக்ஸ், 1887ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில், நெல்லி பிளை என்ற புனைபெயர் கொண்ட 23 வயதுப் பெண் செய்தியாளர் ஒருவர், மனநோயாளராக நடித்து, நியூயார்க்கின் பிளாக்வெல் தீவிலிருந்த மனநோய் மருத்துவமனைக்குள் புகுந்தார். உள்ளே சென்றபின் அவர் நடிக்கவில்லை, இயல்பாகவே பேசினார். தெளிவாகப் பேசப் பேச, நோய் முற்றிவிட்டதாகவே அங்கிருந்தோர் கருதினர்! பத்து நாள் தங்கி, தலையில் கொட்டிய குளிர்நீரையும், உண்ணத்தகாத உணவையும், செவிலியர் நோயாளரை அடித்ததையும் கண்டு, வெளிவந்து எழுதினார். ஜூரர் குழு விசாரணைக்குத் தீவுக்கு வந்தது. அவர்கள் வருகை முன்னரே அங்கு தெரிந்திருந்தது. அன்று ரொட்டி வெள்ளையாக இருந்தது. சமையலறையின் திறந்த வாயிலருகே உப்புப் பீப்பாய்கள் இரண்டு வைக்கப்பட்டிருந்தன. அப்பெண் பெயர் குறிப்பிட்டிருந்த நோயாளருள் சிலர் அங்கே காணப்படவில்லை. ஜூரர் அந்த ரொட்டியையும் பார்த்தனர், உப்பையும் பார்த்தனர். பார்த்தபின், அப்பெண்ணின் சொல்லையே ஏற்று அறிக்கை அளித்தனர்.