உலக அறிவும் எமது வினாத்தாள்களும்

பொது அறிவுப் பரீட்சை என்ற பெயரில் எமது பாடசாலைகளிலே மாணவருக்கு அளிக்கப்படும் வினாத்தாள்களைச் சற்று ஊன்றிப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலனாகும். உலகத்தை அவை பெயர்களின் தொகுதியாகவே கருதுகின்றன. சர்வதேச நாணய நிதியத்தின் தலைமையகம் எங்கே உள்ளது? இஸ்லாமியரின் புனித நூல் யாது? ஐக்கிய நாடுகள் தாபனம் எவ்வாண்டில் நிறுவப்பட்டது? நான்கு விடைகளுள் ஒன்றின் கீழ்க் கோடிட்டுவிட்டால் மாணவன் உலகறிந்தவனாகிவிடுகிறான். ஏன், எதனால், யாருடைய நலனுக்காக என்னும் சொற்கள் அவ்வினாத்தாள்களில் மருந்துக்கும் கிடையா.

இது நேற்று வந்த பழக்கமன்று. கந்தோர்களில் கோவைகளை ஒழுங்காக வைத்திருக்கக்கூடிய எழுதுவினைஞரே குடியேற்ற ஆட்சிக்குத் தேவைப்பட்டனர். அவர்களைத் தெரிவதற்கு ஏற்ற பரீட்சையும் அவ்வாறே அமைந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கல்லூரி வாயில் ஏழைப் பிள்ளைக்கும் திறந்தது. வினாத்தாளின் போக்கு மாத்திரம் மாறவில்லை. பல்லாயிரம் விடைத்தாள்களைக் குறுகிய காலத்தில் திருத்தவேண்டியவர்களுக்கு ஒற்றைச் சொல் விடை வசதியானது என்பதை நான் மறுக்கவில்லை. வசதிக்காகக் கையாளப்பட்ட முறை காலப்போக்கில் அறிவின் இலக்கணமாகவே ஆகிவிட்டது என்பதே எனது முறைப்பாடு.

நான் கற்பிப்பது மட்டக்களப்புக் கரையோரத்துப் பாடசாலையொன்றில், பாடம் வரலாறு. நகரிலிருந்து தெற்கே செல்லும் வீதியில் பயணஞ் செய்தோர் அறிவர்: தமிழூரும் முஸ்லிம் ஊரும் அங்கே அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கின்றன. காத்தான்குடி முடியுமிடத்தில் ஆரையம்பதி தொடங்குகிறது. சந்தையும் ஒன்று, பேரூந்தும் ஒன்று, பேசும் மொழியும் ஒன்று. ஆயினும் பிள்ளைகள் படிப்பது வெவ்வேறு பாடசாலைகளில். ஒரே பாடசாலைக்குள்ளும் சமயபாட வேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரிகிறது. சைவப் பிள்ளைகள் அறையிலே இருக்க, கத்தோலிக்கப் பிள்ளைகளும் ஏனைய கிறிஸ்தவப் பிள்ளைகளும் வேறோரிடத்துக்கு, சில வேளைகளில் மரநிழலுக்கு, எழுந்து செல்கின்றனர். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தையே எழுதுகின்றனர். இதனால் சைவநெறியில் அதிவிசேட சித்தி பெற்ற மாணவி, தன்னுடன் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பவளின் தவக்காலம் எத்தனை நாட்களுக்குரியது என அறியாமலே பாடசாலையை விட்டு நீங்க முடிகிறது. அவளது சான்றிதழ் இந்த அறியாமையை எங்கும் குறிப்பிடுவதில்லை.

தன் சமயத்தை மட்டும் கற்பவன் அதையாவது நன்கு அறிந்திருப்பான் என எண்ணுவதற்கும் ஆதாரமில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே பியூ ஆய்வு நிலையம் 2010இல் 3,412 பேரிடம் சமயங்கள் பற்றிய 32 வினாக்களைத் தொடுத்தது. சராசரியாக 16 வினாக்களுக்கே சரியான விடை கிடைத்தது. கடவுள் நம்பிக்கையற்றோரும் ஐயவாதிகளும் ஏறத்தாழ 21 வினாக்களுக்கு விடையளித்து முன்னணியில் நின்றனர். திருப்பலியில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மெய்யாகவே மாறுகின்றன எனத் தமது திருச்சபை போதிப்பதைக் கத்தோலிக்கருள் 45 சதவீதத்தினர் அறிந்திருக்கவில்லை. எமது முற்போக்கு நண்பர்கள் இதனைக் கேட்டுக் கைகொட்டி நகைக்குமுன் இன்னொன்றையும் அறிதல் நன்று. விடைகளின் தரத்தை யாவற்றிலும் மேலாக நிர்ணயித்தது கல்வித் தகைமையே என அந்த ஆய்வு கூறியது. நாத்திகன் என்று சொல்லிக்கொள்வதால் மாத்திரம் எவனும் அறிவாளியாகிவிடுவதில்லை. எமது சங்கக் கூட்டங்களிலேயே இதற்குச் சாட்சிகள் உண்டு.

முற்காலத்தவர் இவ்விடயத்தில் எம்மினும் மேலாக இருந்தனர் என்றே தோன்றுகிறது. கிறிஸ்தவப் பாதிரிமாரை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர், அதற்கு முன்னர் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்தவர். எதிர்த்தரப்பின் நூலை வரிவரியாக அறிந்த பின்னரே எதிர்த்தார். சாதி பற்றிய அவரது நோக்கு எமக்கு உடன்பாடானதன்று. அது வேறு விடயம்.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவருட் பலர் சிறுபிள்ளைகள். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியிற் பிறந்தவன். இரண்டாந் தவணைக்குப் பாடசாலை திறந்தபோது முஸ்லிம்களின் கடைக்குப் போகக்கூடாதென வீடுகளிற் சொல்லியனுப்பப்பட்டிருந்தது. அத்தவணையில் நானாக ஒரு வினாத்தாளை ஆக்கினேன். இஸ்லாத்தைப் பற்றி நீர் அறிந்தவற்றை எழுதுக என்பது முதல் வினா. ஒரு மாணவன் ‘குண்டு’ என்ற ஒரேயொரு சொல்லை எழுதித் தாளை மடித்துத் தந்தான். அவனை நான் கண்டிக்கவில்லை. அவனுடைய தெருவிலும் ஒரு சாவீடு நிகழ்ந்திருந்தது.

அதே தாளைக் காத்தான்குடியிற் கற்பிக்கும் நண்பரொருவர், சைவத்தைப் பற்றியதாக அவ்வினாவை மாற்றி, தமது மாணவருக்குக் கொடுத்தார். விடைகள் கண்ணாடியில் விழுந்த நிழல்போல இருந்தன. 1990 ஆகஸ்டு 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டதை என் மாணவருட் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்கவில்லை. அடுத்த மாதம் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிலே தமிழ்க் கிராமத்தவர்கள் படையினராற் கொல்லப்பட்டதை அவருடைய மாணவர் அறிந்திருக்கவில்லை. இரு பாடசாலைகளிலும் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய ஆண்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று தொட்டு ஒவ்வொரு தவணையும் ஒரு தாள் ஆக்கி வருகிறேன். எல்லாம் நன்றாக அமைந்தன என்று சொல்வதற்கில்லை. நன்றாக அமைந்தவற்றுள் ஒன்று நோன்பு பற்றியது. 1999இல் றமழான் நோன்பு டிசெம்பர் மாதத்து மாரியில் தொடங்கியது. 2019இல் மே மாதத்துக் கொடுவெயிலில் தொடங்கியது. ஆனால் தைப்பொங்கல் என்றும் ஜனவரி நடுப்பகுதியிலேயே வருகிறது. இதன் காரணம் யாது? சந்திர ஆண்டு 354 நாட்களைக் கொண்டது என்பதையும், அதனைச் சூரிய ஆண்டுடன் பொருத்த இஸ்லாமிய நாட்காட்டி இடைமாதஞ் சேர்ப்பதில்லை என்பதையும், பொங்கல் சூரியனின் செலவைக் கொண்டு கணிக்கப்படுவது என்பதையும் பிள்ளைகள் கணித ஆசிரியரைத் தேடிச் சென்று அறிந்தனர். ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் வீதம் பின்னோக்கி நகர்ந்து நோன்பு 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. ஒருத்தி சந்தையில் மரக்கறி விற்கும் முஸ்லிம் முதியவரிடம் மாரிக்கால நோன்பைப் பற்றி விசாரித்து வந்து எழுதினாள். அவர் அவளுக்கு ஒரு வெள்ளரிப்பழத்தை இனாமாகக் கொடுத்தாராம். அதனையும் விடையிற் சேர்த்திருந்தாள்.

நடப்பு விவகாரத்துக்கு அம்பாறையை எடுத்துக்கொண்டேன். 2018 பெப்ரவரி இறுதியில் அந்நகரிலே முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு பரிமாறப்பட்டதென்ற வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுக்கட்டியே என அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அச்செய்தி அன்றிரவு உமது கைத்தொலைபேசிக்கு வந்திருப்பின் அதன் உண்மையை எவ்வழிகளில் ஆராய்ந்திருப்பீர் என்பது வினா. அத்தகைய மாத்திரை உலகில் உண்டா என வைத்தியரிடம் கேட்பேன் என்று எழுதியோர் மிகச் சிலர். செய்தியை அனுப்பியவர் யார் என முதலிற் பார்ப்பேன் என்று எழுதியோர் அதனினும் குறைவு.

இத்தகைய விடைகளுக்குப் புள்ளியிடுவது எவ்வாறு? உடன் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது இதுவே, கேள்வி நியாயமானது. ஒற்றைச் சொல் விடையில் ஆசிரியரின் அரசியல் நுழைய இடமில்லை. காரணங்களைக் கேட்கும் வினாவிலோ, இடதுசாரி ஆசிரியன் தன் கருத்தைத் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கே பத்துக்குப் பத்து வழங்கிவிடக்கூடும். வலதுசாரியும் அதனையே செய்வார். அவ்வாறாயின் பழைய மனனத்துக்குப் பதிலாகப் புதிய மனனம் ஒன்றைப் புகுத்தியவராவோம். மனனம் செய்யப்பட்ட மார்க்ஸும் மனனந்தான்.

2023இல் நான் கொடுத்த ஒரு வினாவைக் கொண்டு இதனை விளக்குகிறேன். மண்ணெண்ணெய் விலைக்கும் வாஷிங்டனிலுள்ள சர்வதேச நாணய நிதியத்துக்கும் தொடர்புண்டா? மீனவ குடும்பத்து மாணவி ஒருத்தி எழுதினாள்: 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் 340 ரூபாவாயிற்று, எங்கள் இயந்திரப் படகு மண்ணெண்ணெயில் ஓடுவது, அப்பா பல நாட்கள் கடலுக்குப் போகவில்லை, செப்டெம்பர் முதலாந் திகதி நிதியத்துடன் ஊழியர் மட்ட உடன்பாடு எட்டப்பட்டது, எரிபொருளைச் செலவுக்கேற்ற விலையில் விற்கவேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை, ஆகவே தொடர்புண்டு. கடைக்காரர் ஒருவரின் மகன் மறுத்து எழுதினான்: 2019 இறுதியில் அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது, திறைசேரி வறண்டது, 2022 ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது, நட்டத்துக்கு விற்க எவராலும் இயலாது, நிதியம் பின்னரே வந்தது.

என் மனம் யார் பக்கம் என வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. இருவருக்கும் எட்டுப் புள்ளிகள் இட்டேன். தகவல் சரியாக உள்ளதா, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு விளைந்தது எனக் காட்டப்பட்டுள்ளதா, எதிர்த்தரப்பின் வாதம் அதன் வலிமை குன்றாது கூறப்பட்டுள்ளதா என்பவற்றையே நோக்கினேன். மூன்றாவதில் இருவருமே குறைந்திருந்தனர். அவள் வரிக்குறைப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவன் கடலுக்குப் போகாத படகுகளைக் காணவேயில்லை.

மறுநாள் மாணவி வந்து இரண்டு புள்ளிகள் ஏன் குறைந்தன என்று கேட்டாள். அவனுடைய தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு, வரியைக் குறைத்தபோது எங்கள் வீட்டுக்கு எவ்வளவு மிச்சமானது, பெரிய கம்பனிகளுக்கு எவ்வளவு மிச்சமானது என்று அவன் எழுதவில்லையே என்றாள். அடுத்த தவணைத் தாளின் முதல் வினாவாக அதனையே வைத்தேன்.