பாவா ஆதம் மலையடியில் ஒரு சிந்தனை



நாங்கள் பாவா ஆதம் மலை என்பதை அயலவர் சிவனொளிபாதமலை, ஸ்ரீ பாத என்பார்கள். 1344இல் இப்னு பதூதாவும் ஏறிய மலை.

3ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசில் வாழ்ந்த மானி, ஒளியும் இருளும் ஆதிமுதலே இரு வேறு சக்திகள் என்று போதித்தார். எங்கள் ஈமானில் அதற்கு இடமில்லை. இப்லீஸும் அல்லாஹ் படைத்தவனே. அவனால் ஊசாட்டம் போட முடியும். கையைப் பிடித்து இழுக்க முடியாது.

வழிதவறிய இப்லீஸ் பழியை இறைவன் மேலேயே போட்டான். ஆதம் (அலை) அவர்கள் தன் தவறை ஏற்றுத் தவ்பா செய்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

தோட்டத்தில் சண்டை வந்தால், ஒளியெல்லாம் நம் பக்கம், இருளெல்லாம் அடுத்த லயத்தில் என்று பிரிப்பது மானியின் கணக்கு. 'இதில் என் பங்கு என்ன?' என்று முதலில் கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.