ஐந்தாவது சக்கரம்

மோட்டார் வண்டிக்குச் சக்கரம் எத்தனை என்று வினவினால், நான்கு என்று பள்ளிச் சிறுவனும் விடை பகருவான். தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவரோ ஐந்து என்றே கூறுவர். நான்கு சக்கரங்கள் ஓடுகின்றன. ஐந்தாவது, வண்டியின் வயிற்றடியில், சேறும் புழுதியும் படிய, எவர் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கின்றது. அதனை ஸ்பேர் டயர் என்கின்றோம். ஸ்பேர் என்ற மாத்திரத்தில் அது உபரி, இரண்டாந்தரம், எப்படியிருந்தாலும் போதும் என்ற எண்ணம் நம் மனத்தில் குடிபுகுந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை நாம் ஓர் இரவில் கற்றோம். அப்பாடத்தின் விலையைக் கொடுக்கவிருந்தவர் நாமல்லர், பிறிதொருவர். அதனாலேயே இதனை எழுதக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

நாம் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகின்றோம். ஒருகாலத்தில் பால்மரம் நின்ற சரிவுகளில் இன்று செம்பனை நிற்கின்றது. தோட்டத்திற்கெனப் பழைய டீசல் வண்டி ஒன்றுண்டு. வேண்டும்போது கியரைத் தள்ளினால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வகையைச் சார்ந்தது. சாமான் வாங்குவதும், செலவுப் புத்தகமும், அதில் ஒப்பமிடுவதும் எம் பொறுப்பு. சென்ற ஆண்டு அவ்வண்டியின் ஸ்பேர் டயர் கெட்டுப் பயனற்றுப் போயிற்று. வண்டிக்குரிய அளவு 265/70 ஆர் 16. பட்டணத்துக் கடையில் 245/70 ஆர் 16 அளவுள்ள டயர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ரிம்மும் அதே 16 அங்குலம். நட்டுத் துளைகளும் பொருந்தின.

“அளவு மாறுதே, கிராணி ஐயா” என்றார் வண்டியோட்டி.

“ஸ்பேர்தானே! அடியில் தொங்கப் போகிற டயருக்கு இத்தனை ஆராய்ச்சியா?” என்று கூறி ஒப்பமிட்டோம். ஏறத்தாழ நூற்றெழுபது வெள்ளி மிச்சமாயிற்று. அதனைச் சிக்கனம் என்றெண்ணி உள்ளூர மகிழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை.

வண்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டது. ஸ்பேர் உட்பட எல்லா டயர்களும் ஒரே அளவினவாய் இருத்தல் வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கின்றது. ஆங்கிலப் பள்ளியில் பயின்று, அந்நூலைத் தட்டின்றி வாசிக்க வல்லவர் என்று பெயரெடுத்தவர் நாம். அதனைத் திறந்து பாராதவரும் நாமே.

அக்டோபர் மாதக் கடைசியில் ஒருநாள், இரவு ஒன்பது மணிக்கு மேல், தொழிலாளர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவ வேதனை கண்டது. பிற்பகல் முதல் பெய்த மழையில் உட்சாலை முழுவதும் சேறு. வெளியிலிருந்து வேறு வண்டி வருவதற்கில்லை. வண்டியோட்டி விடுப்பிலிருந்தார். சாவி எம்மிடம் இருந்தது. அப்பெண்மணியையும் அவர்தம் கணவரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பல்லாண்டுகள் லாரி ஓட்டி ஓய்ந்திருந்த அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரும், “வழியில கைகொடுக்க ஆள் வேணாமா?” என்று தாமே வந்து ஏறிக்கொண்டார்.

தோட்ட எல்லையைத் தாண்டுமுன், வெட்டிக் கிடந்த செம்பனை மட்டையின் முள் பின்பக்கத்து இடச் சக்கரத்தில் ஏறிற்று. காற்று முழுவதும் போய்விட்டது. மழையில் நனைந்துகொண்டே ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கி, ஸ்பேர் டயரை மாட்டினோம். கைவிளக்கைப் பிடித்திருந்த பெரியவர் அதனைத் தடவிப் பார்த்தார்.

“கிராணி ஐயா, இது சின்ன டயருங்க. சேறு தாண்டுற வரைக்கும் பரவாயில்ல. தார் ரோட்டுல ஏறினதும் நாலு வீல் கியரை எடுத்துடுங்க.”

“மழையில் தார் ரோடு வழுக்கும். நான்கு சக்கரமும் இழுத்தால்தானே பத்திரம்?” என்றோம்.

அவர் மேற்கொண்டு பேசவில்லை. தோட்டத்தில் கிராணியிடம் ஒன்றை இரண்டாம் முறை எடுத்துச் சொல்லும் வழக்கமில்லை. அவ்வழக்கத்தை யாம் உண்டாக்கவில்லையாயினும், அன்றிரவு அதன் நிழலில் சுகமாக அமர்ந்திருந்தவர் நாமே.

தார்ச்சாலையில் சில கிலோமீட்டர் சென்றதும் ஸ்டியரிங் கனத்தது. எவரோ பின்னின்று பிடித்திழுப்பதுபோல் வண்டி தயங்கிற்று. காலடித் தகட்டின் கீழிருந்து ஓர் உறுமல் எழுந்தது. அப்போதுதான் பெரியவர் சொல் நினைவிற்கு வந்து, கியரை எடுக்க முயன்றோம். அது அசையவில்லை. வளைவொன்றில் ‘டக்’ என்று பெருஞ்சத்தம் கேட்டது. நடுங்கிப்போய் வண்டியை நிறுத்தினோம். பின்னிருக்கையில் அப்பெண்மணி பற்களைக் கடித்து முனகிக்கொண்டிருந்தார். அவர் கணவர் எம்மை ஒன்றும் கேட்கவில்லை. எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பார்வை இன்றும் எம்மை விட்டகலவில்லை.

“பயப்படாதீங்க. உள்ளுக்குள்ள முறுக்கிக்கிட்டு நிக்குது. ஒரு பக்கத்துச் சக்கரத்தைப் புல்லுல இறக்கி, கொஞ்சம் பின்னால எடுங்க” என்றார் பெரியவர். சொன்னவண்ணம் செய்தோம். ஈரப் புல்லில் சக்கரம் சற்றே வழுக்கிற்று. வண்டி இரண்டு முழம் பின்னே நகர்ந்தது. கியர் வெண்ணெயில் கத்தி போலக் கழன்று வந்தது. எஞ்சிய வழியைப் பின்சக்கரங்களின் இழுப்பில் மெதுவாகவே கடந்து ஆஸ்பத்திரி சேர்ந்தோம். நள்ளிரவுக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் பட்டறையில் கியர்ப் பெட்டியின் எண்ணெயை வடித்தபோது, அதில் இரும்புத் தூள் மினுமினுத்தது. பழுது பார்த்த செலவு, நாம் மிச்சம் பிடித்த தொகையைப் போல் பன்மடங்கு.

இருபத்தெட்டு மில்லிமீட்டர் வேற்றுமை இத்தனை தொல்லை செய்யுமோ என்று அன்பர்கள் ஐயுறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 265/70 என்றால், டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 70 பங்கு, அதாவது 185.5. மேலும் கீழுமாக 371. இடையே ரிம் 16 அங்குலம், அதாவது 406.4. ஆக விட்டம் 777.4 மில்லிமீட்டர். அவ்வாறே 245/70 டயரின் விட்டம் 749.4. பெரியது ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 409 தடவை சுற்றும். சிறியதோ 425 தடவை சுற்றும்.

மாட்டுவண்டியாயின் இதனால் கேடில்லை. அதன் இரு சக்கரங்களும் அச்சின்மேல் தத்தம் போக்கில் சுழல்வன; ஒன்று சிறுத்தால் வண்டி சாயும், அவ்வளவே. மோட்டார் வண்டியிலோ இழுக்கும் சக்கரங்கள் எஞ்சினோடு பிணைக்கப்பட்டவை. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிக தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டியிருக்கின்றது. அவ்வேற்றுமைக்கு இடம் கொடுக்கவே அச்சின் நடுவில் டிப்பரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியை வைத்திருக்கின்றனர். ஆனால் எம்முடையது போன்ற வண்டியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே அத்தகைய தொகுதி இல்லை. நாலு வீல் கியரைப் போட்டதும் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாய்ப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல வேண்டும். பின்னச்சில் ஒரு சக்கரம் சிறிதானால், அவ்விரண்டின் சராசரியில் பின்னச்சு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 சுற்று முந்துகின்றது. அச்சில் பற்கள் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைந்திருப்பின், தண்டில் அது 30 சுற்றாகப் பெருகும். சேற்றில் சக்கரம் வழுக்கி அவ்வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். தாரோ சக்கரத்தை இறுகப் பற்றுவது. தீராத வேற்றுமை முறுக்காகத் திரண்டு, பற்களிலும் தண்டுகளிலும் தங்குகின்றது. கியர் அசையாததன் காரணமும், புல்லில் இறக்கிப் பின்னே நகர்த்தியதும் கழன்றதன் காரணமும் இதுவே.

எந்நேரமும் நான்கு சக்கரங்களும் இழுக்கும் இக்காலக் கார்கள் சிலவற்றில், ஒரே அளவுள்ள டயர்களின் தேய்மான வேற்றுமையே கேடு செய்யும். புதிய டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டர் என்று கொண்டால், அது 1.6 வரை தேயும்போது விட்டம் 13 மில்லிமீட்டர் குறைந்துவிடும். தேய்ந்த மூன்றோடு புத்தம் புதிய ஒன்றைச் சேர்த்து நெடுந்தூரம் ஓட்டின், நடுவிலுள்ள இணைப்பு சூடேறிக் கெடும்.

இவ்வறிவு புதியதுமன்று. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக வெளிவந்தபோதே, முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை முந்திச் சுழல இடந்தரும் கருவியொன்றை அதில் பொருத்தியிருந்தனர். 1950-ல் அதனை நீக்கி, வேண்டும்போது பூட்டவும் வேண்டாதபோது கழற்றவும் கியரை ஓட்டுநர் கையில் கொடுத்தனர். அதே 1948-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்றுதான், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதன் தொடர்பாக அவசரகாலச் சட்டம் வந்ததும். அதற்குப் பின் இத்தகைய வண்டிகள் மலாயாத் தோட்டச் சாலைகளில் பெருகின. அவற்றைச் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டி, எந்த நூலையும் வாசியாமல், கையாலும் காதாலும் அவற்றின் இயல்பை அறிந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டாயிற்று. அப்பெரியவர் அத்தலைமுறையினரிடம் தொழில் கற்றவர்.

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. நமக்கு அண்மையிலுள்ள கோலகங்சாரில் 1877-ல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அதன்பின் இந்நாட்டுப் பால்மரங்களைச் சீவி, வாளி சுமந்து, உலகத்தின் டயர்களுக்குப் பால் கொடுத்தவர் நம்மவர். இன்றும் ஆகாய விமானத்தின் டயரும் பெரும் லாரியின் டயரும் இயற்கை ரப்பரையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அவ்வாறு உழைத்தவர் வீட்டுப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, அளவு குறைந்த டயரே போதும் என்று தீர்மானித்தது யார்? வெளியூர்த் துரையல்லன். நம் இனத்தவனே, நம் பேனாவே.

தோழர்களே! டிப்பரன்ஷியல் கூறும் பாடம் யாதெனச் சற்று எண்ணிப் பாருங்கள். வளைவில் ஒருவர் முந்தவும் ஒருவர் பிந்தவும் நேரும்; அதற்கு யந்திரம் இடம் கொடுக்கின்றது. தொழிலால், வயதால், சந்தர்ப்பத்தால் வரும் வேற்றுமை அத்தகையது. ஆனால் சக்கரத்தையே சிறிதாகச் செய்து மாட்டிவிட்டு, நேர்ச்சாலையிலும் சரிசமமாக ஓடு என்று கட்டளையிட்டால், எந்த யந்திரமும் தாங்காது. பிறப்பின் பேரால் ஒருவனுக்கும், பெண் என்ற பேரால் ஒருத்திக்கும், கூலி என்ற பேரால் ஒரு கூட்டத்திற்கும் கல்வியையும் மரியாதையையும் குறைத்து அளந்துவிட்டு, சமூகம் ஏன் முன்னேறவில்லை என்று கேட்பவர், தம் வண்டியின் அடியில் எழும் உறுமலைக் கேளாதவரே ஆவர்.

பரிகாரமும் யந்திரத்திலேயே இருக்கின்றது. ஸ்பேர் டயரை நான்கின் அளவிலேயே வாங்குக. வாங்கியதை அடியில் தொங்கவிட்டு மறந்துவிடாமல், டயர்களை இடம் மாற்றும்போதெல்லாம் ஐந்தாவதையும் முறை வைத்து ஓடவிடுக. அப்போதுதான் ஐந்தும் ஒருசேரத் தேயும். அளவு மாறிய ஒன்றை ஆபத்துக் காலத்தில் மாட்ட நேர்ந்தால், தார்ச்சாலையில் நாலு வீல் கியரைத் தொடாதீர்கள். பின்சக்கரங்கள் இழுக்கும் வண்டியாயின், முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னே மாட்டி, மாறியதை முன்னே மாட்டுக. மெதுவாகச் சென்று, கூடிய விரைவில் சரியானதை வாங்கிப் பொருத்துக.

எம் தோட்டத்து வண்டியில் இப்போது ஐந்தும் ஒரே அளவு. அவற்றை இடம் மாற்றும் நாளைச் செலவுப் புத்தகத்தின் முதற்பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கின்றோம். அப்பெரியவரிடம் சென்று, “அன்று நீங்கள் சொன்னதை நாம் கேட்டிருக்க வேண்டும்” என்றோம். அவர் சிரித்துவிட்டு, “நானும் இன்னொரு தரம் சொல்லியிருக்கணும், கிராணி ஐயா” என்றார். இல்லை, பிழை அவருடையதன்று. இரண்டாம் முறை சொல்ல அஞ்சாத இடமாக எம் அலுவலகத்தை ஆக்காதது எம் பிழை. டயரை மாற்ற அரைமணி நேரம் போதும். இதனை மாற்ற எத்துணைக் காலம் ஆகுமோ, எனினும் அவ்வேலையைத் தொடங்கிவிட்டோம்.