வட்டியில்லாக் கடன்

ஈகையைப் பற்றிக் கட்டுரை வரையப் புகும் தமிழ் மாணாக்கர், ஈவாரது பெருமையை விரித்துரைத்தற்கு எளிதில் முன்வருவர். ஏற்பாரது உள்ளநிலையைப் பேசுதற்கோ பெரும்பாலும் தயங்குவர். யாம் ஏற்றவர். ஆதலின் அதனையே முதற்கண் கூறத் துணிந்தோம்.

ஈராண்டுகட்கு முன் யாம் இக்கல்லூரியிற் சேர விழைந்தபொழுது, எம் தந்தையார் தமது தையற்பொறியை அடகு வைத்து முதற் கட்டணத்தைச் செலுத்தினார். எஞ்சிய தொகையை ஒரு சபையார் உதவினர். அவ்வுதவிக்கு இன்றும் நன்றியுடையோம். ஆயினும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்களிருவரையும் முன்னே நிறுத்தி, எம் குடும்பத்தின் வறுமையையும் பெற்ற தொகையையும் உரத்து வாசித்தனர். அதுவரை முதல் வரிசையில் அமர்ந்து பாடிய எம் தந்தையார், மறுவாரம் முதற் கடைசி வரிசைக்குச் சென்றுவிட்டார். பொறியும் வட்டியேறி மூழ்கிப் போயிற்று. இப்பொழுது அவர் பிறர் கடையிற் கூலிக்குத் தைக்கின்றார்.

நிற்க. சென்ற விடுமுறையில், பழைய ஏற்பாட்டுச் சட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுதற்பொருட்டு யூதர் வரலாற்றைப் படிக்கலானோம். எளியவனுக்குக் கொடுத்த பணத்திற்கு வட்டி வாங்கலாகாதென யாத்திராகமம் விதித்திருப்பதைச் சிறுபருவம் முதல் கேட்டிருக்கிறோம். அவ்விதி ஏட்டளவில் நில்லாது ஒரு நிலையமாகவே உருக்கொண்டுள்ளதென்பதை அப்பொழுதே அறிந்தோம்.

1881இல் ருஷியச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டபின், அந்நாட்டு யூதர்மீது கலகக்காரர் பாய்ந்தனர். அதுமுதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவினின்று இருபது லட்சத்திற்கு மேற்பட்ட யூதர் அமெரிக்காவிற் குடியேறினர். நியூயார்க் நகரின் ஒரு பகுதியில் அவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். தள்ளுவண்டியிற் பண்டம் விற்றோர் பலர். எம் தந்தையாரைப் போலத் துணி தைத்தோரும் பலர். 1892இல் அங்கே சிலர் கூடி, 95 டாலரை முதலாகக் கொண்டு எபிரேய இலவசக் கடன் சங்கத்தைத் தொடங்கினர். வட்டி என்பது அங்கு இல்லை. பிணையாளர் கையொப்பமிடுதல் வேண்டும். வாங்கியதைச் சிறு தவணைகளில் திருப்பித் தருதல் வேண்டும். ஒருவர் திருப்பித் தந்த பணம் அடுத்தவருக்கு முதலாயிற்று. பிற சமயத்தாரும் அங்கே கடன் பெறலாயினர். அச்சங்கம் இன்றும் நடைபெறுகின்றது.

இதன் நுட்பம் யாது? கடன் பெற்றவன் இரவலன் அல்லன், வாக்குக் கொடுத்தவன். அவன் தலை குனிய வேண்டுவதில்லை. எகிப்தில் மருத்துவராய் விளங்கி 1204இல் மறைந்த யூதப் பேரறிஞர் மைமோனிடீஸ் என்பார், ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். அவற்றுள் உச்சப்படி, வறியவனுக்குக் கடனேனும் தொழிற்பங்கேனும் வேலையேனும் தந்து, அவன் மீண்டும் பிறரிடம் கையேந்தா வண்ணம் நிலைநிறுத்துவதாகும். மனமின்றிக் கொடுப்பதை அவர் கடைப்படியில் வைத்தார்.

இனி, கொடுக்கும் பொருளினும் அதனை ஆளும் கையைப் பற்றி அச்சமுதாயத்தார் கொண்ட கவலை எம்மைப் பெரிதும் கவர்ந்தது. ஊர் அறநிதியை இருவர் திரட்ட, மூவர் பகிர்தல் வேண்டுமென்பது மிஷ்னா என்னும் அவர்தம் பழைய சட்டத் தொகுப்பின் விதி. பொருள் வழக்கிற்குத் தீர்ப்புக் கூற நடுவர் மூவர் வேண்டுமன்றோ? ஏழைக்கு இவ்வளவென்று பகிர்வதும் ஒரு தீர்ப்பே எனக் கருதினர்.

பிற்காலத்தும் இக்கவலை மாறவில்லை. பல சங்கத்தார் ஒரே வீட்டு வாயிலுக்குத் தனித்தனியே சென்று நிதி கேட்கும் நிலையை ஒழிக்க, 1895இல் பாஸ்டன் நகர யூத அறச்சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாயின. 1914இல் பாலஸ்தீன யூதர் பசியால் வாடியபொழுது, துருக்கியிலிருந்த அமெரிக்கத் தூதர் மார்கெந்தாவ் 50,000 டாலர் வேண்டுமென நியூயார்க்கிற்குத் தந்தி கொடுத்தார். தொகை திரட்டி அனுப்பப்பெற்றது. அம்முயற்சியினின்று எழுந்த கூட்டு விநியோகக் குழு இன்றும் பல நாடுகளிற் பணியாற்றுகின்றது.

இத்தகைய பணிக்கு நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டுமென உணர்ந்து, யூத சமூகப்பணியாளர்க்கென்றே 1925இல் நியூயார்க்கில் ஒரு கல்விக்கூடம் திறந்தனர். அது 1940இல் மூடப்பட்டது. ஆயினும் 1957இல் யெஷிவா சர்வகலாசாலை ஒரு சமூகப்பணிக் கல்லூரியை நிறுவிற்று. மருத்துவம் கற்காதார் கத்தியை எடுக்க நாம் இசைவதில்லை. பிறர் வறுமையைத் தொடுவதும் புண்ணைத் தொடுவதே போலும். எம் தந்தையாரை முன்னே நிறுத்தியவர் தீயவர் அல்லர். தொடும் முறையை எவரும் அவர்க்குக் கற்பித்திலர். இதனை உணர்ந்த பின்னரே எம் நெஞ்சிலிருந்த கசப்பு நீங்கிற்று.

இவ்வாண்டு விடுதியில் எம் தோழர் சிலருடன் கூடிச் சிறு நிதியொன்று தொடங்கினோம். இருவர் திரட்டுவர், மூவர் முடிவு செய்வர். வட்டியில்லை. பெறுவார் பெயர் அம்மூவரைத் தாண்டாது. தேர்வுக் கட்டணத்திற்கு வழியில்லாத ஒருவர் முதலில் வந்தார். நாற்காலியைக் காட்டியும் அமராது நின்றுகொண்டே பேசினார். மூன்றாம் திங்களில் மீண்டும் வந்து, முழுத்தொகையையும் மேசைமேல் எண்ணி வைத்தார். யாம் சொல்லுமுன்னரே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அடுத்து எவருக்கு அப்பணம் செல்லுமென வினவினார்.

அவருக்கும் யாம் விடை கூறவில்லை.